புகழ் கல்லுக்கு, உழைப்பு நிழலுக்கு

மாச்சா விளம்பரம் எதுவானாலும் அதில் ஒரு கருங்கல் திரிகை இருக்கும். மேற்கல் மெல்லச் சுற்றும். விளிம்பில் பச்சைத் தூள் கசிந்து இறங்கும். காட்சி அழகானது, பொய்யும் இல்லை. ஆனால் பார்ப்பவர் மனத்தில் ஒரு கணக்கு பதிந்துவிடுகிறது: நல்ல பச்சைத் தேயிலையை எடுத்துக் கல்லில் நைசாக அரைத்தால் மாச்சா. இந்தக் கணக்கு தப்பு. நீலகிரியின் பச்சைத் தேயிலையையோ ஜப்பானின் ஷிசுவோகாவில் விளையும் சென்ச்சா என்ற முதல்தரப் பச்சைத் தேயிலையையோ அதே திரிகையில் அதே பொறுமையோடு அரைத்தாலும் கிடைப்பது துவர்ப்பேறிய தேயிலைத் தூள்தான். மாச்சாவின் நிறம், சுவை, மணம் எல்லாமே திரிகையின் வாயில் இலை விழுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. தோட்டத்துப் பந்தலின் இருட்டில் பாதி, ஆலையின் செங்கல் உலையில் மீதி. உலகெங்கும் இப்போது பேசப்படும் மாச்சாத் தட்டுப்பாட்டுக்கும் விலையேற்றத்துக்கும், மாச்சா என்ற பெயரில் விற்கப்படும் ஏதேதோ பச்சைப் பொடிகளுக்கும் காரணம் தேடுபவர் கல்லை விட்டுவிட்டு அங்கேதான் போக வேண்டும்.

முதலில் பந்தல். கியோட்டோவுக்குத் தெற்கே உள்ள ஊஜியில் வசந்தத்தின் முதல் துளிர்கள் விரியத் தொடங்கும்போது தேயிலைத் தோட்டங்களை மூடுகிறார்கள். பழைய முறையில் செடிகளுக்கு மேல் ஆளுயரத்தைத் தாண்டிப் பந்தற்கால் நட்டு, நாணல் தட்டிகளை விரித்து, சில நாள் கழித்து அவற்றின் மேல் வைக்கோலைப் பரப்புவார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைக் கறுப்புச் செயற்கைத் துணி செய்கிறது. முதலில் வெயிலில் முக்கால் பங்கு மறையும். பறிப்பு நெருங்கும்போது நூற்றுக்கு ஐந்து பங்கு வெளிச்சம்கூட உள்ளே வராது. நல்ல மாச்சாவுக்கான தோட்டம் இப்படி மூன்று வாரம் முதல் நான்கு வாரம் வரை இருட்டில் கிடக்கும். வெளிச்சத்துக்குத் தவிக்கும் செடி இருக்கிற கொஞ்ச ஒளியையும் பிடித்துக்கொள்ளப் பச்சையத்தைக் கூட்டுகிறது, இலையை அகலமாகவும் மெல்லியதாகவும் விரிக்கிறது. கண்ணைப் பறிக்கும் அந்தப் பச்சை, பட்டினி கிடக்கும் செடியின் பச்சை.

சுவையின் கதையும் இந்த இருட்டில்தான் நடக்கிறது. தேயிலைச் செடி தன் வேரில் தியனைன் என்ற அமினோ அமிலத்தை ஆக்கி இலைக்கு அனுப்புகிறது. 1949இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்துக் கண்டுபிடித்த பொருள் இது. ஜப்பானியர் உமாமி என்று அழைக்கும், நாவில் நெடுநேரம் தங்கும் சுவைக்கு முக்கியக் காரணம் இதுதான். இலையில் வெயில் பட்டால் தியனைன் சிதைகிறது. சிதைந்ததில் ஒரு பகுதி துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்கள் உருவாவதற்குப் போய்விடுகிறது. வெயிலைத் தடுத்தால் இந்த மாற்றம் மந்தமாகும், தியனைன் இலையில் தேங்கும், துவர்ப்பு அடங்கும். நிழலில் வளர்ந்த இலைக்கே உரிய, கடற்பாசியை நினைவூட்டும் மணமும் இதே நாட்களில்தான் சேர்கிறது. இந்த இழுபறியைச் செடி தாங்க வேண்டுமானால் அதற்கு நிறைய நைட்ரஜன் உரமும், பிறகு ஓய்வும் தேவை. உயர்தர ஊஜித் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, அதுவும் கையால், கொழுந்து பறித்துவிட்டுச் செடியைக் கவாத்து செய்து விட்டுவிடுவது இதனால்தான். மூன்று நான்கு முறை இயந்திரத்தால் அறுக்கும் தோட்டத்தின் இலையும் இதுவும் ஒரே விலையில் எப்படிக் கிடைக்கும்?

வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. தேயிலையைப் பொடியாக்கி வெந்நீரில் அடித்துக் குடிக்கும் வழக்கம் சீனத்தின் சோங் அரசர் காலத்தது. சோங் பேரரசர் ஹுய்சோங் இந்தத் தேநீரைப் பற்றி 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நூலே எழுதினார். ஜென் துறவி எய்சாய் 1191இல் சீனத்திலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளோடு இந்த வழக்கத்தையும் ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். சீனத்தில் 1391இல் மிங் பேரரசர் ஹோங்வு, கட்டித் தேயிலையைக் கப்பமாகப் பெறுவதை நிறுத்தினார். உதிரி இலைத் தேயிலை பெருகியது, பொடித் தேநீர் மங்கியது. ஆக, அரைக்கும் கலை சீனத்திலிருந்து வந்தது. ஜப்பான் அதோடு சேர்த்தது பந்தல். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த போர்ச்சுகீசிய ஏசு சபைத் துறவி ஜோவாவ் ரொட்ரிகஸ், ஊஜியில் இளந்துளிர்களைப் பனியிலிருந்து காக்கத் தோட்டங்களின் மேல் சட்டம் கட்டி மூடுவதை எழுதி வைத்திருக்கிறார். பனிக்காகப் போட்ட மூடி சுவையை மாற்றிவிட்டது என்பதைத் தோட்டக்காரர்கள் எப்படியோ கண்டுகொண்டார்கள். தொகுகாவா ஷோகுன்களின் ஆட்சியில் நிழல் தோட்டம் போடும் உரிமை ஊஜியின் தேயிலை உரிமையாளர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. கவனிக்க வேண்டிய இடம் இது. திரிகை வைத்துக்கொள்ள யாருக்கும் தடையில்லை. ஆட்சி காவல் போட்டது நிழலுக்கு. 17ஆம் நூற்றாண்டு முதல் ஆண்டுதோறும் ஊஜியிலிருந்து அந்த ஆட்சியின் இருப்பிடமான எடோவுக்கு (இன்றைய டோக்கியோ), வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வணங்க, பெரும் பரிவாரத்தோடு ஜாடிகள் போயின. அந்த ஜாடிகளில் இருந்தது பொடி அல்ல, இலை. அரைப்பது குடிக்கிற இடத்தில் செய்துகொள்ளும் கடைசி நேர வேலை.

அந்த இலைக்கு டென்ச்சா என்று பெயர். மாச்சா என்பது அரைத்த டென்ச்சா, வேறொன்றும் இல்லை. பறித்த கொழுந்தை அன்றே 15, 20 விநாடி நீராவியில் காட்டுகிறார்கள். இலை கறுப்பதற்குக் காரணமான நொதிகள் அதில் செயலிழக்கும். இதுவரை டென்ச்சாவும் சென்ச்சாவும் ஒரே பாதையில்தான் வருகின்றன. இங்கே பிரிகின்றன. 1738இல் ஊஜிக்கு அருகே நாகாத்தானி சோயென் உருவாக்கிய முறைப்படி, சென்ச்சாவை உலர்த்திக்கொண்டே உருட்டிப் பிசைவார்கள். இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு மேற்பரப்பில் படிவதால், வெந்நீர் ஊற்றியதும் சத்து இறங்கிவிடும். டென்ச்சாவை உருட்டவே மாட்டார்கள். இலையை முழுதாக விழுங்கப்போகும்போது சாற்றை வெளியே கொண்டுவர வேண்டிய அவசியம் என்ன? டென்ச்சாவை அப்படியே வெந்நீரில் போட்டால் நிறமும் சுவையும் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். பார்ப்பவர் இதற்கா இவ்வளவு விலை என்று கேட்பார். உருட்டாததில் இன்னொரு லாபமும் உண்டு. தட்டையாகக் காய்ந்த இலையிலிருந்து காம்பையும் நரம்பையும் பிரித்தெடுக்கலாம். ஊசிபோல முறுக்கிக் காய்ந்த சென்ச்சாவில் அது நடக்காது.

உருட்டாமல் உலர்த்துவது சொல்லும்போது எளிது. ஈர இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நடுவே காயாமல் நிறம் கெடும். அதனால் ஆவியில் வெந்த இலைகளை ஐந்தாறு மீட்டர் உயரமுள்ள வலைக் கூண்டுகளுக்குள் காற்றால் மேலே ஊதிப் பறக்கவிட்டு, விழ விழ மறுபடி அடுத்த கூண்டில் ஊதி, ஒட்டாமல் பிரித்து ஆற்றுகிறார்கள். பிறகு உலை. பத்துப் பதினைந்து மீட்டர் நீளமுள்ள செங்கல் சுரங்கம். உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலைப் பட்டைகள். அடித்தளத்தில் 170 முதல் 200 டிகிரி வெப்பம். இலை முதலில் கீழ்ப்பட்டையில் கடும் சூட்டை வாங்கி, பிறகு மேற்பட்டைகளில் நிதானமாகக் காய்ந்து, அரை மணிக்குள் வெளியே வரும். சூடேறிய செங்கல்லிலிருந்து வரும் வெப்பம் இலைக்கு ஒரு தனி வாசனையைத் தருகிறது. உலோக உலர்த்திகளில் அது வருவதில்லை என்பது ஊஜிக்காரர்களின் உறுதியான கட்சி. 1920களில் ஊஜியின் ஹொரீ சோஜிரோ வடிவமைத்த உலை இன்றும் பல ஆலைகளில் எரிகிறது. அதற்கு முன் கரியடுப்பின் மேல் காகிதத் தட்டுகளில் கையால் புரட்டி உலர்த்தினார்கள். உலை வந்த பிறகுதான் டென்ச்சா சில குடும்பங்களின் கைவினையாக இருந்த நிலை மாறி ஆலைப்பொருள் ஆனது. மாச்சாவின் தொழில் வரலாற்றில் ஒரே ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லச் சொன்னால் நான் இந்த உலையைச் சொல்வேன். எந்த விளம்பரத்திலும் அதன் படத்தைக் காண முடியாது. கரியும் புழுதியும் படிந்த செங்கல் சுவரை யார் படமெடுப்பார்கள்!

உலையிலிருந்து வந்த இலையை நொறுக்கி, காற்றாலும் சல்லடையாலும் காம்பையும் நரம்பையும் நீக்கி, மீந்த மென்தகட்டைக் குளிரில் சேமிக்கிறார்கள். மேயில் பறித்ததை நவம்பரில் திறப்பது தேநீர்ச் சடங்கின் பழைய மரபு. அந்த மாதங்களில் இலையின் காட்டம் அடங்கிச் சுவை முதிரும். தேவைப்படும்போது தேவையான அளவுக்குத்தான் அரைப்பு. பொடியான பிறகு காற்றும் வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவாகக் கெடுக்கும் என்பதால் அரைப்பை இயன்றவரை தள்ளிப்போடுவதே முறை.

திரிகை என்றால் நம் பாட்டிமார் உளுந்து உடைத்த அதே அமைப்புதான்: கீழ்க்கல் அசையாது, மேற்கல்லின் நடுக்குழியில் இலையைப் போட வேண்டும், இரு கல்லிலும் கொத்திய வரிகள் அதை விளிம்பை நோக்கித் தள்ளும். வேறுபாடு நுணுக்கத்தில். வரிகள் விளிம்புவரை போகாது. கடைசி ஓரப் பட்டை கிட்டத்தட்ட வழவழப்பாக இருக்கும், அங்கேதான் இலை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நொறுங்குகிறது. வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி நிறமும் மணமும் போகும். அதனால் மின்மோட்டார் சுற்றும் திரிகையும் கை சுற்றும் வேகத்தில்தான் சுற்றுகிறது. ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 40 கிராம். கோப்பைக்கு 2 கிராம் என்றால் 20 கோப்பை. வரி தேய்ந்தால் நிறுத்திவிட்டுக் கல் கொத்த வேண்டும். அந்தக் கைத்தொழில் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு திரிகை இரவு பகல் ஓய்வின்றிச் சுற்றினாலும் ஆண்டுக்கு 350 கிலோ. 2023இல் ஜப்பானின் டென்ச்சா உற்பத்தி 4,176 டன். காம்பு, நரம்பு கழிவதை மறந்துவிட்டு அத்தனையையும் கல்லில் அரைப்பதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 12,000 திரிகைகள் ஒரு நாளும் நிற்காமல் ஓட வேண்டும். ஓடுவதில்லை. பீங்கான் உருண்டைகள் நிரப்பிய உருளைகளிலும் காற்றழுத்த அரவை இயந்திரங்களிலும் பெரும்பகுதி அரைபடுகிறது. ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் லாட்டேயிலும் நாம் காணும் மாச்சாவில் பெரும்பாலானது கல்லைத் தொட்டதே இல்லை.

கல்லின் பங்கை நான் வேண்டுமென்றே குறைத்துப் பேசுகிறேன் என்று மரபை அறிந்தவர்கள் சொல்லக்கூடும். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கல்லில் அரைத்த துகள் ஒழுங்கற்ற செதில் வடிவில் இருக்கும், நீரில் நன்கு கலந்து நுரைக்கும், நாவில் நறநறக்காது. நான்கு கிராம் மாச்சாவை மிகக் கொஞ்ச நீரில் குழைத்துக் கூழ்போல் பருகும் கோய்ச்சா வகைத் தேநீரில் அரவையின் ஒவ்வொரு குறையும் தெரியும். அங்கே நல்ல திரிகைக்குப் பணம் கொடுப்பது வீண் இல்லை. ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது என்ன? நல்ல டென்ச்சாவை மோசமாக அரைத்தால் கெட்டுவிடும் என்பதை. மோசமான இலையைக் கல்லில் அரைத்தால் நல்லதாகிவிடும் என்பதை அது நிரூபிக்கவில்லை. அரவை சுவையைக் காப்பாற்றும் அல்லது இழக்கும்; உண்டாக்காது. உருண்டை அரவையில் பொடியான முதல் பறிப்பு டென்ச்சாவையும், கல்லில் பொடியான இலையுதிர் காலத்து வெயில் இலையையும் அருகருகே குழைத்து வைத்தால் எது மாச்சா என்பதில் பழக்கமில்லாத நாவுக்குக்கூட ஐயம் வராது.

கல்லை வரையறைக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு நிஷியோவின் அனுபவம் போதும். ஐச்சி மாகாணத்தின் நிஷியோ பல தலைமுறையாக மாச்சாவுக்குப் பேர்போன ஊர். ‘நிஷியோ மாச்சா’ 2017இல் ஜப்பானின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. நிழலில் வளர்க்கும் நாட்களோடு திரிகையில் அரைப்பதும் நிபந்தனையானது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊரின் சந்தையில் பெரும்பங்கு உணவுத் தயாரிப்பாளர்கள். கல் அரவைக்கான விலையை அவர்கள் தர மாட்டார்கள். குறியீட்டுக்கு உட்பட்டால் செலவு கட்டாது, உட்படாவிட்டால் சொந்த ஊர்ப் பெயரையே பயன்படுத்த முடியாது. 2020இல் உற்பத்தியாளர்கள் தாங்களே முன்வந்து அந்தக் குறியீட்டைக் கைவிட்டார்கள். பாதுகாக்க வேண்டியது நிழலையும் உருட்டாத உலர்த்தலையும். அதோடு கல்லைப் பிணைத்ததில் மூன்றும் சேர்ந்து கைநழுவின. 2022இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு மாச்சா குறித்துத் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அது வெறும் அறிக்கை, யாரையும் கட்டுப்படுத்தும் தரவிதி அல்ல. டப்பாக்களில் பளபளக்கும் ‘செரிமோனியல் கிரேடு’ என்ற சொல்லுக்கோ ஜப்பானில் அதிகாரபூர்வ வரையறையே கிடையாது. விற்பவர் எழுதுவதுதான் தரம்.

பாலும் சர்க்கரையும் கலந்து குடிப்பவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி, லாட்டேக்கு முதல் பறிப்பு ஊஜி மாச்சாவை ஊற்றுவது வீண்செலவு என்றே நானும் சொல்வேன். பின்பறிப்பு டென்ச்சா அதற்குத் தாராளமாகப் போதும். சிக்கல் வேறு இடத்தில். பெயர் எதையும் குறிக்காதபோது, செடியை ஒரு மாதம் இருட்டில் வைத்து விளைச்சலை இழந்தவரும், வெயிலில் வளர்ந்த இலையை ஆலையில் தூளாக்கியவரும் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் நிற்கிறார்கள். முன்னவருக்கு நிழல் போடும் செலவு திரும்பாவிட்டால் அடுத்த ஆண்டு போட மாட்டார். ஆரோக்கிய விளம்பரங்கள் இதை இன்னும் குழப்புகின்றன. மாச்சாவில் ஒரு கேட்டச்சின் 137 மடங்கு அதிகம் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு மூலம் 2003இல் வந்த ஓர் ஆய்வு. ஒப்பிட்டது ஒரே ஒரு வணிகப் பச்சைத் தேயிலையோடு. அதே ஆய்வு, பிற பச்சைத் தேயிலைகளுக்கு முன்பு பதிவான உயர்ந்த அளவைவிட மூன்று மடங்கு என்றும் சொன்னது. அதை யாரும் டப்பாவில் அச்சடிப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், பந்தல் போடுவதே கேட்டச்சினைக் குறைப்பதற்காக. இலையை முழுதாக உட்கொள்வதால் மொத்தத்தில் கணிசமாகச் சேர்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் விவசாயி பாடுபட்டுக் குறைத்ததையே காட்டி அவர் பொருளை விற்கிறார்கள்.

இன்னொரு மறுப்பும் வரும்: அப்படியானால் மாச்சா ஜப்பானுக்கே உரியது என்கிறீர்களா? இல்லை. நிழலும் ஆவியும் உலையும் தான் மாச்சா என்றால், அவற்றை முறையாகச் செய்யும் எவரும் மாச்சா செய்பவரே. சீனத்தின் குய்சோ மாகாணத்தில் உள்ள தோங்ரென் வட்டாரத்தில் இன்று பெரிய அளவில் நிழல் தோட்டங்களும் டென்ச்சா ஆலைகளும் இயங்குகின்றன. அங்கிருந்து வருவதை நாட்டைப் பார்த்து ஒதுக்குவது, கல்லைப் பார்த்து வாங்குவதைப் போன்ற அவசரம்தான். எத்தனை நாள் நிழல், எந்தப் பறிப்பு, உருட்டாமல் உலர்த்தியதா என்பவை எந்த நாட்டு உற்பத்தியாளரிடமும் கேட்கக்கூடிய கேள்விகள். ஜப்பானிலேயே, செங்கல் உலை இல்லாமல் சென்ச்சா ஆலையின் இயந்திரங்களை வைத்துக்கொண்டு உருட்டும் படிகளைத் தவிர்த்துச் செய்யும் மலிவு இலை உணவுத் தொழிலுக்குப் போகிறது. அதை எங்கே சேர்ப்பது என்பதில் தொழிலுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

தட்டுப்பாட்டுக்கு வருவோம். 2010இல் 1,471 டன்னாக இருந்த ஜப்பானிய டென்ச்சா உற்பத்தி 2023க்குள் ஏறத்தாழ மூன்று மடங்கானது. அப்படியும் 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழம்பெரும் தேயிலைக் கடைகளான இப்போடோ, மருகியூ கொயாமாயென் இரண்டும் ஒருவருக்கு இத்தனை டப்பாதான் என்று கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அந்த ஆண்டு ஜப்பானின் பச்சைத் தேயிலை ஏற்றுமதி 3,640 கோடி யென்னை எட்டியது. 2024 கோடையின் கடும் வெப்பத்தில் வாடிய கியோட்டோச் செடிகள் அடுத்த வசந்தத்தில் குறைவாகவே துளிர்த்தன. 2025 மேயில் கியோட்டோ ஏலத்தில் டென்ச்சாவின் சராசரி விலை கிலோவுக்கு 8,000 யென்னைத் தாண்டியது. ஏலத்தில் விலை ஏறியது இலைக்கு என்பதைப் பார்க்க வேண்டும். நெருக்கடி அரைப்பதில் மட்டும் இருந்தால் உருண்டை அரவைகளை வாங்கிப் போட்டு ஒரே ஆண்டில் தீர்த்திருப்பார்கள்.

இலையைப் பெருக்குவது அப்படி நடக்காது. ஜப்பானிய அரசு சென்ச்சா விவசாயிகளை டென்ச்சாவுக்கு மாறச் சொல்லி ஊக்குவிக்கிறது. சமநிலத்தில் பரந்த தோட்டங்களும் இயந்திரப் பறிப்பும் கொண்ட தென்கோடிக் காகோஷிமா இதில் முந்திக்கொண்டது. 2024இல் தேயிலை உற்பத்தியில் ஷிசுவோகாவையே அது பின்னுக்குத் தள்ளியது. செங்குத்தான மலைச்சரிவில் சிறு சிறு துண்டுகளாக நிலம் வைத்திருக்கும் ஷிசுவோகாவின் முதிய விவசாயிக்கு இந்த மாற்றம் எளிதல்ல. கறுப்புத் துணி, அதை விரிக்கவும் சுருட்டவும் ஆட்கள், கூடுதல் உரம், புதிய உலை, அந்த உலையை வைக்கப் பெரிய கட்டடம். மாறியவர்களின் இலை டென்ச்சாவுக்குப் போவதால் ஜப்பானியர் அன்றாடம் குடிக்கும் சென்ச்சாவுக்கு வரும் இலை குறைகிறது, அதன் விலையும் ஏறுகிறது. புதிதாக நட்ட தேயிலைக் கன்று முழுப் பறிப்புக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை இந்தப் பச்சை மோகம் நீடிக்குமா என்று தெரியாமலே உலைக்கான கடனில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட பல குடும்பங்கள் போடாமலேயே தோட்டத்தை விட்டுவிடுகின்றன.